-ஜே1-இல் ஓடும், -ஜே8-இல் விழும்: சிக்வின் பில்டில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது

சிக்வினில் (யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் கட்டி ஓட்டவைக்கும் சூழல்) பெரிய சி அல்லது சி++ சோர்ஸை பில்ட் செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பில்டை நடத்தும் மேக் நிரலுக்கு -ஜே8 (ஒரே நேரத்தில் எட்டு வேலை) கொடுத்தால் பாதியில் நிற்கும். மறுபடி கொடுத்தால் இன்னும் கொஞ்ச தூரம் போய் வேறு இடத்தில் நிற்கும். -ஜே1 கொடுத்தால் கடைசி வரை ஓடிவிடும். ‘சிக்வினுக்கு பேரலல் பில்ட் ஒத்துவராது’ என்று முடிவுகட்டி, ஸ்கிரிப்டில் -ஜே1 என்று நிரந்தரமாக எழுதிவிடுகிறார்கள். பில்ட் நேரம் பல மடங்காகிறது, கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள் இதே முகத்தோடுதான் வரும். பில்ட் விதிகளை எழுதிய மேக்ஃபைலில் டிபெண்டென்சி (எதற்கு முன் எது தயாராக வேண்டும் என்பது) விட்டுப்போயிருக்கலாம். ஃபோர்க் (ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்குவது) தோற்றிருக்கலாம். ஆன்ட்டி-வைரஸ் மாதிரி ஏதோ ஒரு விண்டோஸ் நிரல் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கலாம். -ஜே எண்ணைக் குறைத்தால் மூன்றுமே அடங்கும் என்பதால்தான் எது எது என்று தெரியாமல் போகிறது. எண்ணில் கை வைப்பதற்கு முன் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

லாக்கிலிருந்து ஆரம்பிப்போம். எட்டு வேலைகளின் அவுட்புட் கலந்து கிடந்தால் எதையும் படிக்க முடியாது. மேக் 4.0-இலிருந்து இருக்கும் --அவுட்புட்-சிங்க் ஆப்ஷனைப் போட்டால் ஒவ்வொரு டார்கெட்டின் (உருவாக்க வேண்டிய ஃபைலின்) அவுட்புட்டும் சேர்ந்தாற்போல வரும். --ட்ரேஸ் சேர்த்தால் எந்த ரூல் எதனால் ஓடியது என்பதும் தெரியும். எல்லாவற்றையும் ‘டீ’ கட்டளை வழியாக ஒரு ஃபைலில் போட்டுவிட்டு, கீழிருந்து மேலே தேடுங்கள். ‘வெயிட்டிங் ஃபார் அன்ஃபினிஷ்ட் ஜாப்ஸ்’ என்ற வரிக்கு முன்னால், ‘***’ என்ற குறியோடு வரும் முதல் வரிதான் உங்களுக்கு வேண்டியது. அதற்குப் பின் வருவதெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலைகள் தங்கள் பாட்டுக்கு முடிந்ததோ விழுந்ததோதான். கடைசி வரியை மட்டும் நகலெடுத்து உதவி கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

அந்த முதல் பிழையின் வாசகத்திலேயே பாதி விடை இருக்கும். ‘ஃபோர்க்: ரீட்ரை’, ‘ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்’, ‘டைட் அன்எக்ஸ்பெக்டட்லி’, ‘அட்ரஸ் ஸ்பேஸ் ... ஆல்ரெடி ஆக்குபைடு’ என்று வந்தால் ஃபோர்க். ‘பெர்மிஷன் டினைட்’, ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றால் ஃபைல் பிடிப்பு. ‘நோ சச் ஃபைல்’, ‘நோ ரூல் டு மேக் டார்கெட்’, ஜெனரேட் ஆன ஹெடருக்குள் சின்டாக்ஸ் பிழை என்றால் பெரும்பாலும் மேக்ஃபைல்.

வாசகம் குழப்பினால் இன்னொரு சோதனை உண்டு. 2022 அக்டோபரில் வந்த மேக் 4.4-இல் --ஷஃபிள் என்று ஓர் ஆப்ஷன் சேர்த்தார்கள். டிபெண்டென்சிகளை எழுதிய வரிசையில் எடுக்காமல் கலைத்து எடுக்கும். --ஷஃபிள்=ரிவர்ஸ் என்றால் தலைகீழாக எடுக்கும். இதை -ஜே1 உடன் ஓட்டுவதில்தான் சூட்சுமம். ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கிறது, எனவே ஃபோர்க் நெருக்கடிக்கும் ஃபைல் சண்டைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வரிசை மட்டும்தான் மாறுகிறது. அப்படியும் பில்ட் விழுந்தால் கோளாறு மேக்ஃபைலில்தான், சிக்வினைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஷஃபிளில் விழும்போது பிழை வரியின் கடைசியில் ஷஃபிள்= என்று ஓர் எண் வரும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மறுபடி கிடைக்கும். பேரலல் பிழையை வேண்டும்போது வரவழைக்க இவ்வளவு சுலபமான வழி இதற்கு முன் இருந்ததில்லை. லினக்ஸ் மெஷின் கையில் இருந்தால் அதே சோர்ஸை அங்கேயும் ஷஃபிளோடு ஓட்டிவிடுங்கள். அங்கே விழுந்தால் வாதத்துக்கே இடமில்லை.

ஒரு குறை உண்டு. இரண்டு ரூல்கள் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலை எழுதும் வகைப் பிழை -ஜே1-இல் வராது. பார்சர் கோடை உருவாக்கும் பைசன் நிரல்தான் இதற்குப் பேர்போனது. பார்சர்.ஒய் ஃபைலிலிருந்து சி ஃபைலும் ஹெடரும் இரண்டும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. மேக்ஃபைலில் இரண்டையும் கோலனுக்கு இடப்பக்கம் அடுத்தடுத்து எழுதினால், ஒரே ஓட்டத்தில் இரண்டும் வரும் என்று மேக் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே செய்முறை கொண்ட இரண்டு தனி ரூல்களாகத்தான் பார்க்கிறது. -ஜே8-இல் இரண்டு பைசன்கள் ஒரே ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது, கம்பைலர் பாதி எழுதிய ஹெடரைப் படித்துவிடும். ‘இஃப்-டெஃப் முடியவில்லை’ என்று திட்டும். நீங்கள் போய்த் திறந்து பார்க்கும்போது ஹெடர் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். ஜெனரேட் ஆன ஃபைலில் பிழை என்று கம்பைலர் சொல்லி, திறந்து பார்த்தால் பிழையே இல்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். மேக் 4.3 முதல் கோலனுக்கு முன் & போட்டு ‘&:’ என்று எழுதினால் இரண்டும் சேர்ந்து ஒரே ரூல் ஆகிவிடும். பழைய மேக்கிலும் ஓட வேண்டுமென்றால் % வைத்துப் பேட்டர்ன் ரூலாக எழுதுங்கள். பேட்டர்ன் ரூலில் பல டார்கெட் இருந்தால் செய்முறை ஒருமுறைதான் ஓடும், இது முன்பிருந்தே உள்ள விதி.

மேக்ஃபைல் பிழைகளில் மற்றவை சில்லறை. ‘டைரக்டரி இல்லையென்றால் எம்கேடிஆர்’ என்று இரண்டு படியாக எழுதினால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ‘இல்லை’ என்று பார்த்துவிட்டு, இரண்டாவது எம்கேடிஆர் விழும். எம்கேடிஆர் -பி போதும். ஒரே .ஏ ஆர்க்கைவுக்குள் பல ஆப்ஜெக்டுகளைத் தனித்தனி ரூலாகச் சேர்த்தால் ஆர்க்கைவ் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் ஒரே ஏஆர் கட்டளையில் சேர்க்க வேண்டும். சப்-டைரக்டரிக்குள் போகும் ரூலில் ‘மேக்’ என்று வெறுமனே எழுதாமல் $(மேக்) என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘ஜாப்சர்வர் அன்அவைலபிள்’ (-ஜே எண்ணை எல்லா மேக்குகளுக்கும் பங்கிடும் அமைப்பு கிடைக்கவில்லை) என்று எச்சரித்துவிட்டு உள்ளே -ஜே1 ஆகிவிடும். லிப்டூல் (லைப்ரரி கட்டும் கருவி) வைத்த பேக்கேஜ்களில் இன்ஸ்டால் நேரத்தில் ரீலிங்க் நடக்கும், லைப்ரரி இன்னும் போய்ச் சேராத நிலையில் புரோகிராமை லிங்க் செய்யப் பார்க்கும். பில்டை -ஜே8-இல் முடித்துவிட்டு, மேக் இன்ஸ்டாலை மட்டும் -ஜே இல்லாமல் ஓட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனி ஃபோர்க். சிக்வினுக்கே உரிய தலைவலி இதுதான். விண்டோஸில் யூனிக்ஸ் மாதிரி ஃபோர்க் இல்லை. சிக்வின்1.டிஎல்எல் என்ற லைப்ரரி அதை நடித்துக் காட்டுகிறது. அதே எக்ஸ்இ-யைப் புதிய (சைல்ட்) ப்ராசஸாக ஆரம்பித்து, பெற்றோர் ப்ராசஸின் டேட்டா, ஹீப், ஸ்டாக் எல்லாவற்றையும் அதே முகவரிகளில் நகலெடுத்துப் போடும். பாயின்டர்கள் எல்லாம் பழைய முகவரிகளைக் காட்டுவதால், பெற்றோரில் எந்த டிஎல்எல் எந்த முகவரியில் இருந்ததோ, சைல்டிலும் அங்கேயே உட்கார வேண்டும். அந்த இடத்தில் வேறு எதுவாவது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் ஃபோர்க் தோற்கும். பேரலல் பில்ட் நிமிஷத்துக்கு எத்தனையோ ஃபோர்க் செய்வதால், எப்போதோ ஒருமுறை நடக்க வேண்டியது ஒவ்வொரு பில்டிலும் நடக்கும்.

பேஷ் ஷெல் இதில் உடனே கைவிடாது. ரிசோர்ஸ் இல்லை என்று வந்தால் 1, 2, 4, 8 விநாடி காத்து மறுபடி முயலும். அதனால் லாக்கில் ‘ஃபோர்க்: ரீட்ரை’ வரிகள் வந்தும் பில்ட் பாஸ் ஆகியிருக்கும். பாஸ் ஆனாலும் அந்த வரிகளைப் பார்த்தால் விட்டுவிடாதீர்கள், அடுத்த பில்ட் விழப்போகிறது.

32 பிட் சிக்வினில் முகவரிக்கு இடமே குறைவு, இந்த மோதல் அன்றாடம் நடக்கும். 2022 டிசம்பரில் வந்த 3.4.0-இலிருந்து 32 பிட் ஆதரவே கிடையாது. இன்னும் 32 பிட்டை வைத்துக்கொண்டு பேரலல் பில்டோடு மல்லுக்கட்டுபவர்கள் முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். 64 பிட்டில் டிஎல்எல்-கள் தங்களுக்குள் மோதுவது அபூர்வம். அப்படி மோதினால் எல்லா சிக்வின் ப்ராசஸையும் சர்வீஸையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் கமாண்ட் விண்டோவில் டேஷ் என்ற சிறிய ஷெல் வழியாக ரீபேஸ்ஆல் (டிஎல்எல்-களுக்கு மோதாத முகவரிகளை ஒதுக்கும் கருவி) ஓட்ட வேண்டும். பேஷ் வேண்டாம். பேஷே ரீட்லைன் போன்ற டிஎல்எல்-களைப் பிடித்துக்கொண்டிருக்கும், டேஷுக்கு சிக்வின்1.டிஎல்எல் ஒன்றே போதும். சிக்வினின் செட்டப் நிரலை ஓட்டும்போது ரீபேஸ் தானாகவே நடப்பதால், ஒரு சிக்வின் ப்ராசஸ்கூட ஓடாத நிலையில் செட்டப்பை ஒருமுறை ஓட்டுவதே பெரும்பாலும் போதும்.

இதே காரணத்தால் மேக்குக்கு ‘ஷெல்=/பின்/டேஷ்’ என்று கொடுத்துப் பார்ப்பதும் பலன் தரும். சிக்வினில் எஸ்ஹெச் என்பது பேஷ்தான். ஷெல் தேவைப்படும் ஒவ்வொரு செய்முறை வரிக்கும் அத்தனை டிஎல்எல்-களோடு ஒரு ப்ராசஸ் எழும்புகிறது. டேஷ் லேசானது, ஃபோர்க்கும் வேகம். பேஷுக்கே உரிய இலக்கணத்தை மேக்ஃபைல் பயன்படுத்தியிருந்தால் மட்டும் உடையும். மேக்ஃபைலில் ஷெல் ஃபங்ஷனின் விடையை வெறும் = வைத்து மாறியில் வைத்திருந்தால், அந்த மாறியைத் தொடும்போதெல்லாம் ஒரு ஃபோர்க். அதை := என்று மாற்றினால் ஒரே ஒருமுறைதான். ஃபோர்க் எண்ணிக்கை குறைந்தால் விழும் வாய்ப்பும் குறையும்.

பில்ட் ட்ரீக்குள்ளேயே உருவாகும் டிஎல்எல்-கள் தனிக் கதை. பெர்ல், பைத்தான் மாட்யூல்களின் டெஸ்டுகள் இப்போதுதான் லிங்க் ஆன டிஎல்எல்-களை லோடு செய்துவிட்டு ஃபோர்க் செய்யும். செட்டப் செய்த ரீபேஸுக்கு இந்த டிஎல்எல்-களைப் பற்றி ஒன்றும் தெரியாது. டெஸ்டுக்கு முன் அவற்றின் பட்டியலைக் கொடுத்து ரீபேஸ் --ஒப்லிவியஸ் ஓட்டுங்கள். சிஸ்டத்தின் ரீபேஸ் கணக்கைத் தொடாமல் இவற்றை மட்டும் காலி இடத்துக்கு நகர்த்திவைக்கும்.

ரீபேஸ் செய்தும் நிற்கவில்லை என்றால் வெளியாள் யாரோ ப்ராசஸுக்குள் நுழைகிறார். ஒவ்வொரு ப்ராசஸிலும் தன் டிஎல்எல்-ஐச் செருகும் ஆன்ட்டி-வைரஸும் அலுவலகக் கண்காணிப்பு மென்பொருள்களும் இந்த வகை. சிக்வின்காரர்கள் இவற்றுக்கென்றே ‘பிளோடா’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆன்ட்டி-வைரஸை ‘ஆஃப்’ செய்தாலும் செருகிய டிஎல்எல் அப்படியே இருக்கும், அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். இன்னொன்று, விண்டோஸ் எக்ஸ்ப்ளாய்ட் ப்ரொடெக்ஷனில் உள்ள ‘இமேஜ்களைக் கட்டாயமாக ராண்டமைஸ் செய்’ என்ற அமைப்பு. வழக்கமாக இது ஆஃப்தான். பாதுகாப்புக் கொள்கை என்று அலுவலகத்தில் ஆன் செய்திருந்தால், டிஎல்எல்-கள் வேறு வேறு முகவரிக்குப் போய் ஃபோர்க் நாசமாகிவிடும். பவர்ஷெல்லில் கெட்-ப்ராசஸ்மிட்டிகேஷன் -சிஸ்டம் என்று கேட்டால் தெரிந்துவிடும். சிக்வினின் பின் டைரக்டரியில் உள்ள எக்ஸ்இ-களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மொத்தமாக ஆஃப் செய்யச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எக்சிட் கோடையும் கவனியுங்கள். ‘ஃபோர்க்டு ப்ராசஸ் டைட்’ வரியில் சி0000142 என்று இருந்தால் டிஎல்எல் தொடங்கும்போதே தோற்றது என்று பொருள். டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டினால் சரியாக ஓடி, எஸ்எஸ்ஹெச் வழியாகவோ சிஐ (தானியங்கி பில்ட்) ஏஜென்ட் வழியாகவோ ஓட்டும்போது மட்டும் இந்த எண் வந்தால் டெஸ்க்டாப் ஹீப்பை (விண்டோ போன்றவற்றுக்கென்று விண்டோஸ் ஒதுக்கும் மெமரி) பாருங்கள். சர்வீஸாக ஓடும் ப்ராசஸ்களுக்கு விண்டோஸ் ஒதுக்கும் டெஸ்க்டாப் ஹீப் மிகச் சிறியது. ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜருக்குக் கீழே சப்சிஸ்டம்ஸ் கீயில் ‘விண்டோஸ்’ என்ற மதிப்புக்குள் ஷேர்டுசெக்ஷன்=1024,20480,768 என்று ஒரு துண்டு இருக்கும். மூன்றாவது எண்தான் சர்வீஸ்களுக்கானது, கிலோபைட் கணக்கு. 768-ஐ 2048 ஆக்கி ரீபூட் செய்தால், பல நாள் புதிராக இருந்த சிஐ பில்டுகள் சத்தமில்லாமல் ஓடுவதுண்டு. முதல் இரண்டு எண்களைத் தொட வேண்டாம். பழைய வரியை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரியும் ஃபோர்க்கை விழவைக்கும், ராம் காலியாக இருக்கும்போதே. லினக்ஸ் கையில் இல்லாத மெமரியையும் தருவதாக வாக்குக் கொடுக்கும், விண்டோஸ் கொடுக்காது. கேட்ட ஒவ்வொரு பைட்டுக்கும் ராமிலோ பேஜ் ஃபைலிலோ இடம் இருந்தாக வேண்டும். ‘எஸ்எஸ்டி தேயும்’ என்று பேஜ் ஃபைலை ஆஃப் செய்த மெஷினில் 16 சி++ கம்பைலர்கள் ஒன்றாக ஓடினால் கமிட் லிமிட் தீர்ந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘கமிட்டெட்’ என்ற கணக்கைப் பாருங்கள், ‘இன் யூஸ்’ கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேஜ் ஃபைலைத் திரும்ப ஆன் செய்வதுதான் மருந்து. -ஜே எண்ணைக் குறைப்பது நியாயமான தீர்வாக இருக்கும் வெகு சில இடங்களில் இதுவும் ஒன்று.

ஃபைல் பிடிப்பு வகையில் ஒரு விஷயம் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். சிக்வின் நிரல்கள் ஃபைலைத் திறக்கும்போது மற்றவர்களும் படிக்க, எழுத, அழிக்க அனுமதி கொடுத்தே திறக்கின்றன. எனவே இரண்டு சிக்வின் நிரல்கள் ஒன்றையொன்று இப்படிப் பூட்டுவதில்லை. பூட்டுவது விண்டோஸ் நிரல்தான்: ஆன்ட்டி-வைரஸ் ஸ்கேனர், சர்ச் இண்டெக்ஸர், அல்லது பில்டுக்குள்ளேயே அழைக்கும் விண்டோஸ் கம்பைலர். யார் என்று கண்டுபிடிக்க ப்ராசஸ் மானிட்டரை ஓட்டி, ரிசல்ட் ‘ஷேரிங் வயலேஷன்’ என்று ஃபில்டர் போட்டு, பாத்தில் பில்ட் டைரக்டரியைக் கொடுங்கள். பிழை வந்த ஃபைலின் பெயர் கிடைத்ததும், ரிசல்ட் ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த ஃபைலை மட்டும் பாருங்கள், அதே கணத்தில் அதைத் திறந்து வைத்திருந்த ப்ராசஸின் பெயரும் மாட்டும். பில்ட் டைரக்டரியை ஸ்கேனிலிருந்தும் இண்டெக்ஸிலிருந்தும் விலக்கினால் பெரும்பாலும் தீரும், பில்டும் வேகமாகும்.

லிங்கர் மட்டும் எக்ஸ்இ-யை எழுத முடியாமல் விழுந்தால், அந்த எக்ஸ்இ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பிஎஸ் -டபிள்யூ போட்டுப் பாருங்கள். போன முறை கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திய டெஸ்ட் புரோகிராம் பின்னால் உயிரோடு இருக்கும். /பின்/கில் -எஃப் போட்டுக் கொல்லுங்கள். வெறும் ‘கில்’ என்றால் பேஷின் உள் கட்டளை ஓடும், அதற்கு -எஃப் தெரியாது.

மூன்று வகையும் ஒன்றோடொன்று கலந்துகொள்வதுதான் மோசம். ‘செட் ... > கான்ஃபிக்.ஹெச்’ என்று, டெக்ஸ்டை மாற்றும் செட் (sed) நிரலை வைத்து ஒரு செய்முறை இருக்கிறது என்று வையுங்கள். ஷெல் முதலில் கான்ஃபிக்.ஹெச்-ஐக் காலியாக உருவாக்கும், அப்புறம்தான் செட் நிரலை எழுப்பும். செட் எழும்பும்போதே செத்தால் பில்ட் நிற்கும், ஆனால் காலி கான்ஃபிக்.ஹெச் அங்கேயே கிடக்கும். மறுபடி மேக் கொடுத்தால் ‘ஃபைல் இருக்கிறது, புதிதாகவும் இருக்கிறது’ என்று மேக் தாண்டிப் போய்விடும். இப்போது வரும் பிழைகள் எல்லாம் ‘இந்தப் பெயர் டிக்ளேர் ஆகவில்லை’ வகை. ஃபோர்க் பிழை மேக்ஃபைல் பிழை வேஷம் போட்டுவிட்டது. அதனால் விழுந்த ட்ரீயை வைத்துச் சோதிக்காதீர்கள், ஒவ்வொரு சோதனையும் சுத்தமான ட்ரீயிலிருந்து. மேக்ஃபைலில் ‘.டிலீட்_ஆன்_எரர்:’ என்று ஒரு வரி சேர்த்தால் விழுந்த ரூலின் டார்கெட்டை மேக் அழித்துவிடும். பைப் வைத்த செய்முறைகளில் முதல் நிரல் செத்தாலும் கடைசி நிரலின் எக்சிட் கோடுதான் எண்ணப்படும் என்பதால் அந்த வரியும் ஏமாறும். அங்கே ஒரு டெம்ப் ஃபைலில் எழுதி, அது காலியாக இல்லை என்று பார்த்த பிறகு பெயர் மாற்றுங்கள். விழுந்தால் மறுபடி மேக் என்று சிஐ-யில் லூப் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விழாமல் தொங்கிப்போகும் பில்டுக்கு அணுகுமுறை வேறு. முதலில் --அவுட்புட்-சிங்க்கை எடுத்துவிடுங்கள். டார்கெட் முடியும்வரை அது எதையும் காட்டாது, எங்கே தொங்குகிறது என்றே தெரியாது. அடுத்து பிஎஸ் -இஎஃப்-இல் மேக்குக்குக் கீழே யார் இருக்கிறார் என்று பாருங்கள். சைல்ட் உயிரோடு இருந்தால் தொங்குவது அதுதான், மேக் பாவம் காத்திருக்கிறது. விண்டோஸ் நிரல் கீபோர்டு இன்புட்டுக்குக் காத்திருப்பது சகஜம், அந்த வரியில் இன்புட்டை /டெவ்/நல்-இலிருந்து கொடுங்கள். சைல்ட் ‘டிஃபங்க்ட்’ (முடிந்தும் பட்டியலில் நிற்பது) என்று கிடந்தும் மேக் கவனிக்கவில்லை என்றால் சிக்னல் அல்லது பைப் பக்கத்துக் கோளாறு, சிக்வின் டிஎல்எல்-இன் வேறு பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். மேக் 4.4 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் --ஜாப்சர்வர்-ஸ்டைல்=பைப் போட்டும் பார்க்கலாம். 4.4-இலிருந்து ஜாப்சர்வர் பெயருள்ள பைப்புக்கு மாறியது, இந்த ஆப்ஷன் பழைய முறைக்குத் திருப்பும்.

ஜாப்சர்வர் டோக்கன் (ஒரு வேலை ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு) தொலைந்துதான் தொங்குகிறது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. -ஜே8 என்றால் பைப்பில் 7 டோக்கன்தான், ஒவ்வொரு மேக்குக்கும் டோக்கன் வாங்காமலே ஒரு வேலை ஓட்டும் உரிமை உண்டு. ஒரு சப்-மேக் டோக்கனோடு செத்துப்போனால் பில்ட் மெதுவாகும், முடிவில் மேக் ‘டோக்கன் கணக்கு உதைக்கிறது’ என்று ஒரு உள் எச்சரிக்கை கொடுக்கும், அவ்வளவுதான்.

மேக் எது என்பதையும் ‘டைப் -ஏ மேக்’ போட்டு உறுதி செய்யுங்கள். பாத்தில் விண்டோஸுக்கென்று கட்டிய மேக் முன்னால் இருந்தால் அதன் ஜாப்சர்வர் செமஃபோரில் ஓடும், சிக்வின் மேக்குடையது பைப்பில். ஒன்றுக்கொன்று டோக்கன் பேசாது. சிக்செக் -எஸ் ஓட்டினால் இரண்டு சிக்வின்1.டிஎல்எல் கிடக்கின்றனவா என்பதும் தெரியும்.

மேக் இன்ஸ்டால் மட்டும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பல விநாடி நின்று நின்று போகிறது என்றால் பாத்தில் இரண்டு சாய்கோடு இருக்கிறதா பாருங்கள். இன்ஸ்டால் பாத்தின் முன்னால் ஒட்டும் டெஸ்ட்டிர் மாறிக்கு டெஸ்ட்டிர்=/ என்று கொடுத்தால் அது //யுஎஸ்ஆர்/பின் ஆகிவிடும். லினக்ஸில் அது வெறும் /யுஎஸ்ஆர்/பின். சிக்வினில் ‘யுஎஸ்ஆர்’ என்ற பெயருள்ள நெட்வொர்க் கம்ப்யூட்டரைத் தேடப் போய்விடும். டெஸ்ட்டிரைக் காலியாக விட்டால் போதும்.